யாரைக் கூப்பிடுகிறோம் என்பதை முதலில் சொல்லிக்கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்துகொண்டிருக்கும் ரூபி கணினிமொழித் தொடரைப் பற்றி இதை எழுதுகிறேன். ஐந்தாவது பகுதியில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஒன்று சின்னது. இன்னொன்று என்னுடைய ஒரு முழு ராத்திரியைத் தின்றது. தவறுக்குப் போவதற்கு முன்னால் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கணக்கு எழுதுகிற கிழவிக்கு இதெல்லாம் எதற்கு என்று உங்கள் உதவி ஆசிரியர்கள் கடிதத்தை ஓரங்கட்டிவிடுவார்கள்.

1982-ல் தொலைபேசி இலாகாவில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன எக்ஸ்சேஞ்ச். காதில் ஹெட்செட், முன்னால் போர்டு, கையில் பிளக், பக்கத்தில் டிரங்க் டிக்கெட் எழுதுகிற கட்டு. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று டிரங்க் காலை, அதாவது வெளியூர்க் காலை, மூன்று விதமாகப் புக் பண்ணிய காலம் அது. லைட்னிங்குக்குக் காசு எக்கச்சக்கம். எங்கள் பக்கத்தில் சாவுச் செய்திக்கே அர்ஜென்ட்தான் போடுவார்கள். அப்புறம் போர்டு போயிற்று, ஆபரேட்டர் இல்லாமல் வெளியூருக்கு நேரே சுழற்றுகிற எஸ்.டி.டி. வந்தது, செல்போன் வந்தது, என்னைக் கவுண்டரில் பில் வாங்க உட்கார வைத்தார்கள். 2020 ஜனவரி 31 அன்று நாடு முழுக்க 78,000 பேருக்கு மேல் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் வெளியே வந்தார்களே, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஆக, 38 வருஷம் ‘கால்’ என்ற ஒரு சொல்லை வைத்துச் சோறு தின்றவள் நான். அந்தச் சொல்லை யாராவது குழப்பினால் எனக்குப் பொறுக்காது.

போன கோடை லீவுக்கு மகள் வயிற்றுப் பேத்தி வந்திருந்தாள். பிளஸ் ஒன் முடித்தவள். உங்கள் மாணவர் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, மடிக்கணினியைத் திண்ணையில் விரித்து உட்கார்ந்திருந்தாள். ‘செயல்முறை என்பது ஒரு தொகுக்கப்பட்ட கட்டளைத் தொடர். அதனைப் பொருளின் மீது அழைத்தல் செயல்முறை அழைப்பு எனப்படும்’ என்று அச்சில் போட்டிருந்தது. அவள் மூன்று தடவை வாய்விட்டுப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ஆச்சி, மெத்தடைக் கால் பண்ணுன்னு போட்டிருக்கு. எப்படிப் பண்ண?" என்றாள்.

"ஏட்டி, கால் பண்ணணும்னா யாருக்குன்னு முதல்ல சொல்லு. ஆளைச் சொல்லாம லைன் எப்படிப் போடுவாங்க?" என்றேன்.

வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். ஆனால் அவளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. அன்றிலிருந்து அவள் எனக்குச் சொல்லிக்கொடுக்க, நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க, இரண்டு பேருமாக மே மாதத்தை ஓட்டினோம். உங்கள் தொடரை எழுதுகிறவர் விஷயம் தெரிந்தவர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் வேலையைப் பற்றியே பேசிக்கொண்டு போகிறார். ஆளைப் பற்றிப் பேசுவதே இல்லை. ரூபியில் ஆள்தான் முதலில்.

நான் சொல்வது இதுதான். ஐ.ஆர்.பி. என்று ஒரு ஜன்னல் இருக்கிறது. அதில் ஒரு வரி அடித்தால் உடனே பதில் வரும். அதில் பேத்தி அடித்த முதல் வரி:

"அல்வா".லெங்த்

(தங்கள் நாளிதழுக்குத் தோதாக எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். கணினியில் அல்வாவைத் தமிழில் அடிக்கலாம், லெங்த்தை ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.) புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பது ஆள், பாடத்தில் ‘பொருள்’ என்றும் ‘ஆப்ஜெக்ட்’ என்றும் வருவது இதுதான். வலப்பக்கம் இருப்பது அந்த ஆளிடம் கேட்கிற வேலை, அதாவது செயல்முறை, மெத்தட். நடுவில் இருக்கிற புள்ளி நான் செருகுகிற பிளக். இடப்பக்கத்து ஆளுக்கு ரூபிக்காரர்கள் வைத்திருக்கிற பெயர் என்ன தெரியுமா? ‘ரிசீவர்’. இதைப் பேத்தி படித்துக் காட்டியபோது திண்ணையில் தனியாகச் சிரித்தேன்.

இதற்குள் நம் மொழிக்கு ஒரு சௌகரியம் ஒளிந்திருக்கிறது. சி மொழியில் ‘ஸ்டர்லென்’ என்று வேலையை முதலில் எழுதி, ஆளை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். பைத்தானிலும் நீளம் கேட்பதற்கு அப்படித்தான். நாம் பேசுவது அப்படியா? பாயை விரி, மாட்டை அவிழ், விளக்கை ஏற்று. பொருள் முன்னால், வேலை பின்னால். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வேற்றுமை, விளி என்று படித்தோமே, ‘மகனே’ ‘கண்ணே’ என்று கூப்பிட்டுவிட்டுச் செய்தியைச் சொல்வது, அதுவும் இதே வரிசைதான். அல்வாவே, உன் நீளம் என்ன? தமிழ்ப் பிள்ளைகளுக்கு ரூபி தலைகீழாகத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ‘செயல்முறை அழைப்பு’ என்று வேலையை முன்னால் போட்டுத் தலைகீழாக்கியது நாம்தான்.

இப்போது முதல் தவறு. ‘சொற்கள் ஆப்ஜெக்டுகள், எண்கள் வெறும் மதிப்புகள்’ என்று அந்தப் பகுதியில் இருக்கிறது. வேறு சில மொழிகளில் அது சரியாக இருக்கலாம். ரூபியில் எண்ணும் ஆள்தான். 5.கிளாஸ் என்று அடித்தால் ‘இன்டீஜர்’ என்று தன் குலத்தைச் சொல்லும். 7.ஈவன்?, அதாவது நீ இரட்டைப்படையா என்று கேட்டால் ‘ஃபால்ஸ்’, இல்லை என்று பதில் வரும். 5.டைம்ஸ் என்று சொல்லி ஒரு வேலையைக் கொடுத்தால் ஐந்து தடவை செய்யும். கூட்டல்கூட ஒரு கால்தான். 3 + 4 என்று நாம் எழுதுவதை ரூபி 3.+(4) என்றுதான் எடுத்துக்கொள்கிறது. 3 என்ற ஆளைக் கூப்பிட்டு, கூட்டு என்று சொல்லி, கூடவே 4 என்ற விவரத்தைக் கொடுக்கிறோம். அப்படியே புள்ளி வைத்து அடித்துப் பாருங்கள், 7 வரும். யூகிஹிரோ மாட்சுமோட்டோ என்ற ஜப்பான்காரர் 1993-ல் தொடங்கி 1995 டிசம்பரில் வெளியே விட்ட மொழி இது. ஸ்மால்டாக் என்ற பழைய மொழியில் ஒவ்வொரு பொருளுக்கும் செய்தி அனுப்புகிற பழக்கம் இருந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

எண்ணும் ஆள்தான் என்று சொல்லாமல் விட்டதால் பிள்ளைகளுக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். எங்களுக்கு வந்த நஷ்டத்தைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் நாங்கள் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து அப்பளம் போடுகிறோம். கல்லிடைக்குறிச்சியில் இது ஒன்றும் அதிசயமில்லை. ஆளுக்கு எத்தனை கட்டு, கட்டுக்கு எத்தனை அப்பளம் என்று நான்தான் நோட்டில் எழுதுவேன். அதை ரூபியில் போடலாம் என்று பேத்திக்கு ஆசை. கட்டுக்கு எத்தனை என்று கேட்கும், நான் 25 என்று அடிப்பேன், அதை 4 கட்டால் பெருக்கிச் சொல்லும். 100 என்று வர வேண்டும். வந்தது 25252525. இரண்டு கோடியே ஐம்பத்திரண்டு லட்சத்துச் சொச்சம் அப்பளம்! உளுந்துக்கு எங்கே போக?

காரணம் இதுதான். விசைப்பலகையிலிருந்து ‘கெட்ஸ்’ வாங்கி வருவது எண் இல்லை, எழுத்து வடிவம், ‘ஸ்ட்ரிங்’ என்பார்கள். கூடவே ஒட்டி வருகிற என்டர் அடையாளத்தைப் பேத்தி நறுக்கியிருந்தாள், ஆனாலும் அது ஸ்ட்ரிங்தான். 25 என்ற ஸ்ட்ரிங்கிடம் 4 தடவை பெருகு என்று சொன்னால், அது தன்னைத்தானே நான்கு தடவை பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்காட்டும். அதுதான் அதற்குத் தெரிந்த பெருக்கல். 25 என்ற எண்ணிடம் அதே வார்த்தையைச் சொன்னால் 100 தரும். நெல்லையப்பர் கோயில் மணி மண்டபத்தில் இசைத்தூண் பார்த்திருப்பீர்கள். சின்ன வயதில் அப்பா தோளில் தூக்கி வைத்துத் தட்டச் சொல்வார். தட்டுவது ஒரே விரல். தூணுக்குத் தூண் சத்தம் வேறு. ரூபியிலும் தட்டல் ஒன்றுதான், பதில் சொல்வது தூண். எந்தத் தூணைத் தட்டுகிறோம் என்று பார்க்காமல் சத்தத்தைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. ‘டூ_ஐ’ என்று ஒரு கால் போட்டு ஸ்ட்ரிங்கை எண்ணாக மாற்றிக்கொண்ட பிறகு கணக்குச் சரியாக வந்தது.

அடுத்து, கூப்பிட்ட ஆளுக்கு அந்த வேலை தெரியாவிட்டால்? 5.அப்கேஸ் என்று அடித்துப் பாருங்கள். ஐந்தாம் எண்ணைப் பெரிய எழுத்தாக்கு என்றால் அது என்ன செய்யும்? ‘நோ மெத்தட் எர்ரர்’ என்று சிவப்பில் நான்கு வரி வரும். பேத்தி பயந்துபோய்க் கணினியை மூடிவிட்டாள். எனக்கு அது பழைய சங்கதி. அந்தக் காலத்தில் எஸ்.டி.டி. வசதி இல்லாத போனிலிருந்து சுழற்றினால் லைன் போகாது. போன் கெட்டுப்போகவில்லை, அந்த இணைப்புக்கு அந்த வசதி கிடையாது, அவ்வளவுதான். இது தெரியாமல் 198-க்குப் புகார் சொல்லி லைன்மேனை வெயிலில் அலைய விட்டவர்கள் உண்டு. மூடிய கணினியைத் திறக்கச் சொல்லி, அந்தச் சிவப்பு வரியை நிதானமாகப் படிக்க வைத்தேன். ‘அன்டிஃபைன்ட் மெத்தட் அப்கேஸ்’ என்பது கேட்ட வேலை. ‘ஃபார் ஆன் இன்ஸ்டன்ஸ் ஆஃப் இன்டீஜர்’ என்பது கூப்பிட்ட ஆள் எந்த இனம் என்பது. எங்கள் டிரங்க் டிக்கெட் மாதிரியே, யாரை, எதற்கு என்ற இரண்டும் அதில் இருக்கிறது. எழுத்துப் பிழையாக அடித்தால் ‘டிட் யூ மீன்?’ என்று கேட்டுச் சரியான பெயரையும் எடுத்துக்கொடுக்கிறது. 197-ல் இருந்த எங்கள் டைரக்டரி என்கொயரிக்காரிகள்கூட அத்தனை பொறுமையாக இருந்ததில்லை.

ஒரு நாள் பேத்தியை நானே மடக்கினேன். "புள்ளிக்கு முன்னால ஆள் கண்டிப்பா வேணும்னு சொல்லுத. ‘புட்ஸ்’னு வெறுமனே எழுதுதியே, அங்க யாரைக் கூப்பிடுத?" திரையில் எழுதிக் காட்டச் சொல்கிற இந்தப் புட்ஸ் உங்கள் தொடரின் முதல் வாரத்திலேயே வந்துவிட்டது, ஆனால் இந்தக் கேள்விக்கு அதில் பதில் இல்லை. அவள் தேடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: ஆள் பெயர் சொல்லாவிட்டால் ‘செல்ஃப்’, அதாவது அந்த இடத்தில் யார் உள்ளே இருக்கிறாரோ அவரையே கூப்பிட்டதாக அர்த்தமாம். அட, வீட்டுக்குள் பெயர் சொல்லாமல் கூப்பிடுவது நம் ஊர்ப் பெண்களுக்குப் புதிதா? ‘ஏங்க, தண்ணி எடுத்து வையுங்க’ என்று நாற்பது வருஷமாகச் சொல்கிறேன். யாரை என்று இதுவரை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

இப்போது பெரிய தவறுக்கு வருகிறேன். ரூபியில் வேலையின் பெயருக்குக் கடைசியில் கேள்விக்குறியும் ஆச்சரியக்குறியும் வரலாம். கேள்விக்குறி சரியாகவே விளக்கப்பட்டிருக்கிறது: ‘எம்ப்டி?’ ‘ஈவன்?’ என்று கேட்டால் ஆமாம், இல்லை என்ற பதில். ஆச்சரியக்குறியைப் பற்றி, ‘இது சேர்த்தால் அதே வேலை இன்னும் அழுத்தமாக நடக்கும். எனவே புதியவர்கள் இதைச் சேர்த்து எழுதுவது பாதுகாப்பு’ என்று இருக்கிறது. தயவுசெய்து இதை யாரும் நம்ப வேண்டாம்.

பேத்தி ஊருக்குப் போன பிறகு நானே தனியாக எழுதிய முதல் நிரல் அது. ஒரு கோப்பில் பன்னிரண்டு வரி. ஒவ்வொரு வரியிலும் ஒரு பெண்ணின் பெயர், ஒரு காற்புள்ளி, எத்தனை கட்டு. நிரல் வரி வரியாக வாசிக்கும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் என்டர் அடித்த அடையாளம் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நறுக்கிப் போடுகிற வேலைக்கு ‘சாம்ப்’ என்று பெயர். நறுக்கிய பிறகு ‘ஸ்ப்ளிட்’ போட்டுக் காற்புள்ளியில் பிரித்தால் பெயர் வேறு, கட்டு வேறு. நீங்கள் பாதுகாப்பு என்று சொன்னதால் நான் இப்படி எழுதினேன்:

வரி.சாம்ப்!.ஸ்ப்ளிட்(",")

(‘வரி’ என்ற பெயரை ரூபியில் தமிழிலேயே அடிக்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.)

பதினொரு பெண்கள் அழகாக வந்தார்கள். பன்னிரண்டாவது, எதிர் வீட்டு மதினி. அவளிடம் வந்ததும் சிவப்பு. ‘நில்’லிடம் ஸ்ப்ளிட் என்ற வேலை கிடையாது என்றது. நில் என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தமாம். தமிழில் படித்தால் ‘நில்’, நானும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். மணி ஒன்பது. மதினியின் பெயரில் எழுத்துப் பிழையா என்று பார்த்தேன், இல்லை. அழித்துவிட்டுத் திரும்ப அடித்தேன், அதே சிவப்பு. பதினோரு மணிக்கு, மதினியைக் கடைசியிலிருந்து எடுத்து முதல் வரியில் போட்டேன். உடனே பன்னிரண்டு பேரும் வந்துவிட்டார்கள்! காரணம் தெரியாமல் சரியானது எனக்குப் பிடிக்கவில்லை. லைன் தானாகச் சரியானால் நாளைக்குத் தானாகவே கெடும் என்று எங்கள் பழைய லைன்மேன் ஒருவர் சொல்வார். அதே மாதிரி ஆயிற்று. தெற்குத் தெருவிலிருந்து புதிதாக ஒருத்தி சேர்வதாக இருந்தது, அவள் பெயரைக் கடைசி வரியில் சேர்த்தேன். திரும்பவும் சிவப்பு. இப்போது மதினி தப்பித்தாள், புதியவள் மாட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் கோளாறு ஆளில் இல்லை, இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. கடைசி வரிக்கும் மற்ற வரிகளுக்கும் என்ன வித்தியாசம்? கடைசி வரியை அடித்த பிறகு நான் என்டர் தட்டவில்லை. நறுக்குவதற்கு அங்கே வால் இல்லை. வெறும் ‘சாம்ப்’ என்றால், வால் இருந்தால் நறுக்கியும் இல்லாவிட்டால் அப்படியேயும், ஒரு ஸ்ட்ரிங்கைத் திருப்பிக் கொடுத்துவிடும். ‘சாம்ப்!’ அப்படியில்லை. அது மூலத்திலேயே கை வைத்து நறுக்கும். நறுக்க ஒன்றுமில்லை என்றால் ‘நான் எதையும் மாற்றவில்லை’ என்பதற்கு அடையாளமாக நில்லைக் கொடுக்கும். அந்த நில்லிடம் போய் ஸ்ப்ளிட் பண்ணு என்று நான் கேட்டிருக்கிறேன். அப்கேஸ்! ஸ்ட்ரிப்! எல்லாம் இதே சுபாவம். "அல்வா".அப்கேஸ்! என்று அடித்தால் நில்தான் வரும், தமிழில் பெரிய எழுத்து ஏது, மாற்றுவதற்கு? எனவே அந்தக் குறி ‘அழுத்தம்’ இல்லை, ‘ஜாக்கிரதை’. கறி நறுக்கும்போது அரிவாள்மணையைக் காட்டி அம்மா சொல்வதுபோல.

ஒரு ஆச்சரியக்குறியை அழித்தேன். எல்லாம் சரியாயிற்று. மணி ஒன்றரை.

இந்த நில்லைப் பற்றி உங்கள் தொடரில் இரண்டு வரிதான் இருக்கிறது. ஆனால் புதிதாகப் படிக்கிறவர்கள் முட்டிக்கொள்வது பெரும்பாலும் இதில்தான். அதனால் கொஞ்சம் இருந்து சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் பி.பி. கால் என்று உண்டு. நம்பரோடு, இன்ன ஆளிடம்தான் பேச வேண்டும் என்று பெயரும் சொல்லிப் புக் பண்ணுவார்கள். நான் நம்பரைப் பிடிப்பேன். மணி அடிக்கும். யாரோ ஒரு சின்னப்பிள்ளை எடுத்து, ‘அவுக இல்லியே’ என்று சொல்லும். நம்பர் இருக்கிறது, ஆள் இல்லை. ரூபியில் ஒரு பெயருக்குப் பின்னால் நில் இருப்பது இந்த நிலைமைதான். நில்லும் ஒரு ஆள்தான், அந்தச் சின்னப்பிள்ளையைப் போல. ‘நில்?’ என்று கேட்டால் ஆமாம் என்று சரியாகச் சொல்லும். ‘டூ_எஸ்’ என்று கேட்டால் ஒரு வெற்று ஸ்ட்ரிங்கைக் கொடுக்கும். ‘உன் நீளம் என்ன’ என்று கேட்டால் அதற்குத் தெரியாது.

கால் மேல் காலாகக் கோத்துக்கொண்டே போகும்போது இது இன்னும் மோசம். ரூபியில் ஒரு காலுக்கு வந்த பதிலிடமே அடுத்த வேலையைச் சொல்லலாம், அதன் பதிலிடம் அதற்கடுத்த வேலை. புள்ளி புள்ளியாக நீளும். ‘எழுந்து குளித்து உடுத்திக் கிளம்பி’ என்று நாம் வினையெச்சமாக அடுக்குகிற மாதிரி இருக்கிறதே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். யோசித்தால் முழுக்கப் பொருந்தவில்லை. குளித்தவரும் கிளம்பியவரும் ஒரே ஆள். இங்கே ஒவ்வொரு புள்ளியிலும் ஆள் மாறலாம். "அல்வா".லெங்த் என்பதற்குப் பதில் ஒரு எண், அதற்கு மேல் நீங்கள் பேசுவது அல்வாவிடம் இல்லை, அந்த எண்ணிடம். டிரங்க் ரூட்தான் சரியான உவமை. நான் நெல்லையைக் கூப்பிட, நெல்லை மதுரையைக் கூப்பிட, மதுரை மெட்ராஸைக் கூப்பிட என்று போகும். நடுவில் ஒருத்தர் எடுக்காவிட்டால் மொத்தக் காலும் போச்சு, எந்த ஊரில் போயிற்று என்று தேட வேண்டும். அதனால் புதியவர்கள் ஒரே வரியில் ஐந்து புள்ளி வைப்பதைத் தொடரில் ஊக்கப்படுத்தாதீர்கள். முதலில் ஒவ்வொன்றாக அடித்து, என்ன ஆள் திரும்பி வருகிறார் என்று ஐ.ஆர்.பி.யில் பார்க்கட்டும். ‘.கிளாஸ்’ என்று கேட்டால் அது தன் இனத்தைச் சொல்லிவிடும், கூச்சமே இல்லை.

ஆள் இருக்கிறாரோ இல்லையோ என்று சந்தேகமான இடத்துக்கு ரூபி 2.3-ல், அதாவது 2015-ல், ஒரு வசதி வந்திருக்கிறது. வெறும் புள்ளிக்குப் பதிலாக, ஆங்கில ‘அண்ட்’ அடையாளத்தையும் புள்ளியையும் சேர்த்துப் போட வேண்டும். ஆள் இருந்தால் வேலையைச் சொல்லும். நில் இருந்தால் சத்தம் போடாமல் நில்லோடு திரும்பி வந்துவிடும். மாட்சுமோட்டோ அதற்கு விளையாட்டாக ஒரு பெயர் வைத்தார்: ‘லோன்லி ஆபரேட்டர்’. அந்த அடையாளத்தைத் தாளில் பெரிதாக எழுதிப் பாருங்கள். ஒருத்தர் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, முன்னால் கிடக்கிற ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கும்.

பேத்தி இதைப் போனில் சொன்னபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. கணினிக்காரர்களின் ‘ஆபரேட்டர்’ வேறு, கூட்டல் கழித்தல் குறிகளுக்கு அப்படிப் பெயர் என்று அவள் விளக்கினாள். விளக்கட்டும். 1984, 85-ல் நைட் ஷிஃப்டில் எக்ஸ்சேஞ்சில் நான் ஒருத்திதான். வாசலில் வாட்ச்மேன் தூங்குவார். மழைக்காலத்தில் ஆற்றுச் சத்தம் உள்ளே கேட்கும். போர்டில் எந்த விளக்கு எரியும் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். மூன்று மணிக்கு ஒரு விளக்கு எரிந்தால் நல்ல செய்தியாக இருக்காது. அந்த நம்பரைப் பிடித்து மணி அடிக்கவிட்டு, அந்தப் பக்கம் யாரும் எடுக்காமலே போனால் சில சமயம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்திருக்கிறது. தூங்குகிறவர்கள் இன்னும் இரண்டு மணி நேரம் தூங்கட்டும்.

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

இன்னும் ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். உங்கள் தொடரில் உதாரணங்கள் எல்லாம் ஆங்கிலச் சொற்கள். தமிழில் ஒன்றாவது கொடுங்கள். கொடுத்தால்தான் ஒரு வேடிக்கை தெரியும். "திருநெல்வேலி".லெங்த் என்று கேட்டால் 12 என்கிறது. நமக்குத் தெரிந்து ஆறு எழுத்து. கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. "அல்வா".ரிவர்ஸ் என்றால் கால் கழன்று முன்னால் வந்து விழும், வாயில் வைக்க முடியாது. ரூபி 2.5-லிருந்து ‘கிராஃபீம்_கிளஸ்டர்ஸ்’ என்று ஒரு வேலை இருக்கிறது. அதைக் கேட்டால் தி, ரு, நெ, ல், வே, லி என்று நாம் எழுத்துக்கூட்டுகிற மாதிரியே பிரித்துக் கொடுக்கும், எண்ணினால் ஆறு. ஸ்ட்ரிங்குக்கு இரண்டு வேலையும் தெரியும், எதைக் கேட்கிறோம் என்பது நம் கையில். அதேபோல், நாம் புதிதாக உண்டாக்குகிற வேலைகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். என் நிரலில் ‘கூலி’ என்று ஒரு மெத்தட் இருக்கிறது, ‘மொத்தக்_கட்டு’ என்று இன்னொன்று. ஒழுங்காக ஓடுகின்றன. கிளாஸுக்கு மட்டும் தமிழில் பெயர் வைக்க விடாது, ஏனென்றால் அதன் பெயர் பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்று சட்டம். தமிழில் எல்லா எழுத்தும் ஒரே அளவு என்று ஜப்பானுக்கு யாராவது எழுதிப்போட்டால் தேவலை.

எனவே, எண்களும் ஆப்ஜெக்டுகளே என்பதையும், ஆச்சரியக்குறியைப் பாதுகாப்புக்காகச் சேர்க்கக் கூடாது, மாற்றம் ஒன்றும் இல்லையென்றால் நில் வரலாம் என்பதையும் வரும் ஞாயிறு ஒரு திருத்தமாகப் போட வேண்டுகிறேன். மூலையில் பொடி எழுத்தில் வேண்டாம். அந்தப் பகுதியைக் கத்தரித்து வைத்திருக்கிற பிள்ளைகளுக்குக் கண்ணில் படுகிற இடத்தில் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் என் நைட் ஷிஃப்ட் கதையை வெட்டிவிடலாம், எனக்கு வருத்தமில்லை.

மதினிக்கு இந்தக் கடிதம் தெரியாது. அவள் பெயர் கணினியில் சிவப்பாக வந்தது மட்டும் தெரு முழுக்கத் தெரியும். அவளால்தான் கணக்கு நின்றது என்று இரண்டு பேர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அச்சில் வந்தால் காட்டலாம் என்று இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டெலிபோன் ஆபரேட்டர்,
கல்லிடைக்குறிச்சி.